கழுதை டாக்டரும் சங்கின் தொண்டையும்

பஸ்ஸை விட்டு இறங்கி, "கழுதை டாக்டர் எங்க இருப்பாங்க?" என்று கேட்டால் போதும். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூட ஈரக் கையை நீட்டி, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையைக் காட்டிவிடுவார். அந்தப் பட்டப்பெயர் முதலில் கேலியாகத்தான் ஒட்டியது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் நாய்க்கும் பூனைக்கும் குளிரூட்டிய கிளினிக் வைத்தார்கள். இரண்டு பேர் பந்தயக் குதிரைகளிடம் போனார்கள். அவள் மட்டும் கழுதைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அவளுடைய அம்மாவுக்கு இது பெரிய இடி.

"இத்தனை வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்சு, கடைசில கழுதைக்கா வைத்தியம்? நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல பொண்ணு என்ன பண்றான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"கழுதைன்னே சொல்லும்மா. ஓடறவன் ஓடட்டும். ஓடாம நிக்கறவன் யாருன்னு பார்ப்போம்."

அவள் அப்படித்தான். வாயில் வருவதை இரண்டு முறை யோசிக்கிற வழக்கம் கிடையாது. ஆனால் கையில் கத்தியை எடுத்துவிட்டால் நூறு முறை யோசிப்பாள். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்று அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கழுதை மேல் பைத்தியம் பிடித்தது கல்லூரி அறுவைக் கூடத்தில். பாடப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் குதிரைத் தலை. மேஜையில் வந்து விழுந்ததெல்லாம் கழுதைத் தலை. ஊரில் செத்தது கழுதைதானே! "ஒண்ணும் வித்தியாசம் இல்லை, சின்னக் குதிரைன்னு நெனச்சுக்கோ" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள், கண்ணீர் வடிகிற குழாய் மூக்குக்குள் வந்து திறக்கும் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நாசித் துவாரத்தின் தரையில், ஊசியால் குத்தியதுபோல் இருக்கும் என்றது புத்தகம். அவள் தரையைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஓட்டையைக் காணோம்.

"கத்தியால கிழிச்சு நீயே அதை அழிச்சிருப்பே" என்றான் பக்கத்து மேஜைக்காரன்.

அவள் இன்னொரு தலையை எடுத்தாள். அதிலும் தரையில் ஒன்றும் இல்லை. டார்ச்சை அடித்துக்கொண்டு மேலே மேலே தேடிப் போனபோது, மூக்கின் வெளிப்பக்கச் சுவரில், மேல்மாடியில் வைத்த ஜன்னல் மாதிரி அது உட்கார்ந்திருந்தது. அடுத்த தலையிலும் அதே இடம்.

"எல்லாக் கழுதையும் கோளாறாவா பொறக்கும்? புத்தகம் குதிரைக்கு எழுதினதுப்பா" என்றாள்.

பக்கத்து மேஜைக்காரன் வந்து குனிந்து பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டு, தன் மேஜைக்குப் போய்த் தன்னுடைய தலையிலும் பார்த்தான். பிற்காலத்தில் அவர்தான் பந்தயத் திடலின் பேர்போன குதிரை டாக்டர் ஆனார். அன்று தொடங்கிய சிநேகிதமும் சண்டையும் இன்றுவரை ஓயவில்லை.

அதற்குப் பிறகு அவள் தலைகளை நெடுக்காக அறுத்து உள்ளே பார்க்க ஆரம்பித்தாள். கழுதையின் மூக்குப் பாதை குதிரையினதைவிடக் குறுகல். குரல்வளை பின்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அதற்கு மேலே, தொண்டையின் பின்சுவரில், விரல் முழுசாகப் போகிற அளவுக்கு ஆழமாக ஒரு பை. மூச்சுக்குழாய்க்குள் போகட்டும் என்று நாம் விடுகிற ரப்பர் குழாய், வழி தவறி நேராக அந்தப் பையில் போய் முட்டி நிற்கும். குதிரைக்குப் பழகிய கை கழுதையிடம் தோற்பது இங்கேதான். இதையெல்லாம் அவள் படித்துத் தெரிந்துகொண்டதைவிடத் தொட்டுத் தெரிந்துகொண்டது அதிகம்.

ஓடாமல் நின்ற மாப்பிள்ளை ஒரு வெல்டர். ஆஸ்பத்திரிக்குக் கம்பித் தடுப்பு போட வந்தவர். மயக்க ஊசி போட்டதும் கழுதை நின்றபடியே தலையைத் தொங்கப் போட்டுவிடும். தலை ஆடினால் எக்ஸ்ரே கலங்கிவிடும். மோவாயைத் தாங்க ஒரு ஸ்டாண்ட் செய்ய முடியுமா என்று கேட்டாள். அவர் இரும்பை வளைத்து, பஞ்சு கட்டி, செய்த கையோடு தன் மோவாயை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"கொஞ்சம் கழுத்துல குத்துது. நாளைக்கு மாத்தித் தரேன்" என்றார்.

அந்த இடத்திலேயே அவள் மனசைப் பறிகொடுத்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பின் அவர்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்: கோபம் வந்தால் என்ன சொல்லி வேண்டுமானாலும் திட்டலாம், 'கழுதை' என்று மட்டும் திட்டக்கூடாது. அந்த வீட்டில் அது பாராட்டு.

இப்படி அவள் பேர் வாங்கி, கொட்டகை வாசலில் எப்போதும் நாலைந்து கழுதைகள் நிற்கிற காலத்தில்தான் சங்கு வந்தது.

ஊரின் பழைய பகுதியில் தெருக்கள் குறுகல். இரண்டு பேர் எதிர் எதிரே வந்தால் ஒருவர் தோளைச் சாய்க்க வேண்டும். நகராட்சி லாரி உள்ளே நுழையாது. அங்கே குப்பை அள்ளுவது கழுதை வண்டிதான். அப்படி ஒரு வண்டியை ஓட்டுகிற அம்மாவிடம் இரண்டு கழுதைகள் இருந்தன. ஒன்று சங்கு. ஆலைச் சங்கு மாதிரி தினமும் விடிந்ததும் கத்தி அந்தத் தெருக்காரர்களை எழுப்பிவிடுவதால் வந்த பெயர். இன்னொன்று நிழல். சங்கு எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டே வரும். எந்தக் கழுதையைக் கூட்டி வந்தாலும் அதன் ஜோடியையும் கூட்டி வர வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. பிரித்துவிட்டால் கழுதை சாப்பிடாது. சாப்பிடாத கழுதை நோயைவிட வேகமாகச் சாகும்.

"பேர்லயே சங்கை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கீங்களே" என்று சிரித்துக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தாள்.

வண்டிக்காரம்மா சிரிக்கவில்லை. "அவன் சங்கு நின்னுபோச்சு டாக்டரம்மா. கத்தறதே இல்லை. பாரத்தை இழுத்தா தொண்டைல அரம் போட்டு ராவற மாதிரி ஒரு சத்தம். வயசாயிடுச்சு, வித்துரு, வித்துருன்னு தெருவே சொல்லுது. வித்தா எவன் வாங்குவான், எதுக்கு வாங்குவான்னு எனக்குத் தெரியாதா?"

"சுத்தமாக் கத்தறதே இல்லையா, பாதி கத்துதா? செஞ்சு காட்டுங்க."

"நானா?"

"நீங்கதான். வெக்கப்படாதீங்க, இங்க எல்லாரும் கத்தினவங்கதான்."

அந்த அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கத்தினார். "ஹீ" என்று மூச்சை உள்ளே இழுக்கிற பாதி வெறும் கரகரப்பாக வந்தது. "ஹா" என்று வெளியே விடுகிற பாதி மட்டும் ஓரளவு வந்தது. காத்திருந்த இன்னொரு கழுதை காதை நிமிர்த்திப் பதில் குரல் கொடுத்தது.

குதிரை மூச்சை இழுக்கும்போது கத்தாது. கழுதை இரண்டுக்கும் கத்தும். இழுக்கும்போது மட்டும் அடைக்கிறது என்றால், காற்று உள்ளே வரும்போது எதுவோ வழியில் வந்து விழுகிறது. டாக்டரம்மா சங்கின் கழுத்தில் மேலிருந்து கீழாக ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். சத்தம் தொண்டையருகில்தான் பலமாக இருந்தது. நெற்றியைத் தட்டிப் பார்த்தாள், கன்னத்து எலும்பைத் தட்டிப் பார்த்தாள், வாயைத் திறந்து கடைவாய்ப் பற்களைத் தடவினாள். அங்கெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ்ரே எடுத்தால் தாடை எலும்பும் பல்லும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, தொண்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே மூட்டம்.

அன்று வேறு வேலையாக வந்திருந்த குதிரை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மூச்சுக்குழாய் தொய்ஞ்சு போயிருக்கும். வயசான வண்டிக் கழுதைக்கு அதானே வரும்? அதுக்கு ஆபரேஷன் கிடையாது. வேலையை நிறுத்தச் சொல்லி அனுப்பிடு."

"இருக்கலாம். ஆனா சத்தம் மேல இருந்து வருது."

"கழுத்துக்குள்ள சத்தம் எங்க வேணா எதிரொலிக்கும்."

"அதனாலதான் உள்ள போய்ப் பார்த்துடலாம்ங்கறேன். நீயும் இரு. தலையைப் பிடிக்க ஒரு நல்ல கை வேணும்."

கேமரா பொருத்திய குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. மனிதர்களுக்கான மெல்லிய குழாயையே அவள் எடுத்துக்கொண்டாள். அதோடு, தேவைப்படாமல் போகட்டும் என்று நினைத்தபடியே, சங்கின் கழுத்தின் நடுப்பகுதியில் முடியை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, கத்தியையும் மூச்சுக்குழாயில் செருகுகிற வளைந்த குழாயையும் தட்டில் தயாராக வைத்தாள்.

"இது எதுக்கும்மா கழுத்துல?" என்று வண்டிக்காரம்மா கேட்டார்.

"வீட்டுக்கு ஒரு பின்வாசல் இருந்தா நல்லதுதானே. முன்வாசல் அடைச்சா பயன்படும்."

குழாய் மெதுவாக உள்ளே போனது. திரையில் ஈரமான ரோஜா நிறச் சுவர்கள் நகர்ந்தன. தொண்டையின் வாசல் வந்தது. குரல்வளையின் மூடி இருக்க வேண்டிய இடத்தில், பளபளவென்று உருண்டையாக ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. "அது என்ன?" என்று குதிரை டாக்டர் கழுத்தை நீட்டினார். அந்தக் கணத்தில் சங்கு முக்கி ஒரு பெருமூச்சு இழுத்தது. உருண்டை எழும்பி, வாசலில் குந்திக்கொண்டது. திரை இருண்டது.

சத்தமே இல்லை. அதுதான் பயங்கரம். கழுதை தன் வேதனையை வெளியே காட்டாது. மூச்சு முட்டும்போதும் மரியாதையாக நின்றுகொண்டிருக்கும். ஈறு நீலமாகியது. முன்னங்கால் மடங்கியது. தலையைத் தாங்கியிருந்த குதிரை டாக்டரோடு சேர்ந்து சங்கு தரையில் சாய்ந்தது. வண்டிக்காரம்மா, "ஐயோ, என் சங்கு!" என்று அலறினார்.

"தலையை நேராப் பிடி" என்றாள் டாக்டரம்மா. குரல் ஏறவே இல்லை. மண்டியிட்டு, மழித்த இடத்தில் நேர்கோடாக ஒரு கீறல். இரண்டு பக்கத் தசையையும் விரலால் விலக்கினாள். விரலுக்குக் கீழே மூச்சுக்குழாயின் வளையங்கள் நெருடின. இரண்டு வளையங்களுக்கு நடுவே கத்தி நுழைந்தது. வளைந்த குழாய் உள்ளே போனதும், 'புஸ்' என்று காற்று ரத்தத் துளிகளோடு அவள் முகத்தில் அடித்தது. அதைவிட இனிமையான காற்று உலகத்தில் கிடையாது என்று பிற்பாடு சொல்வாள்.

சங்கின் விலா ஏறி இறங்கியது. இன்னொரு முறை ஏறி இறங்கியது. ஈறு மெல்ல மெல்லச் சிவந்தது. சற்று நேரத்தில் அது எழுந்து நின்று, எதுவுமே நடக்காததுபோல் நிழலின் முதுகில் மோவாயை வைத்துக்கொண்டது. அப்போதுதான் டாக்டரம்மா முகத்திலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். குதிரை டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பின்வாசல் நல்ல யோசனை" என்றார்.

உருண்டை என்ன, எங்கே வேர் விட்டிருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் கத்தி வைக்க அவள் தயாராக இல்லை. சி.டி. ஸ்கேன் வேண்டும். கால்நடை ஆஸ்பத்திரியில் அப்போது அந்த மெஷின் இல்லை. ஆனால் அவளுடைய தம்பி, மனிதர்களுக்கான ஸ்கேன் சென்டரில் மெஷினை இயக்குகிறவன். கழுதையை அங்கே கூட்டி வரப் போவதாக அக்கா போனில் சொன்னாள்.

"அக்கா, விளையாடறியா?"

"உன் முதலாளிகிட்டப் பேசிட்டேன். லீவு நாள்ல, காலைல, யாரும் இல்லாதப்ப எடுத்துக்கச் சொல்லிட்டாரு. தரையைக் கழுவித் தரணும்னு மட்டும்தான் சொன்னாரு."

"என் வேலை போச்சுன்னா?"

"இங்க வந்துடு. கழுதை தம்பின்னு பேர் வாங்கலாம்."

வெல்டர் ஸ்கேன் மேஜையின் உயரத்தைப் போய் அளந்து வந்தார். அதே உயரத்துக்கு ஒரு சக்கரக் கட்டில் செய்து, மேஜை நகரும்போது கூடவே நகர்கிற மாதிரி கொக்கி வைத்தார். தலையும் கழுத்தும் மேஜையில், மற்றதெல்லாம் கட்டிலில். லீவு நாள் காலையில் வேன் வந்து நின்று, வண்டிக்காரம்மாவோடு சங்கும் நிழலும் இறங்கி, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட வரவேற்பறை வழியாக நடந்து போயின. 'அமைதி காக்கவும்' என்ற பலகையின் கீழே நிழல் நின்றுகொண்டது.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அக்கா, பேரும் வயசும் போடாம இது அடுத்த பக்கத்துக்கே போகாது."

"பேரு சங்குன்னு போடு."

"முழுப் பேரு கேக்குது."

"குப்பை வண்டி சங்கு. போதுமா?"

மயக்க ஊசி போட்டு, குதிரை டாக்டர் ஒரு பக்கமும் வெல்டர் ஒரு பக்கமும் தூக்கிக் கிடத்தினார்கள். சங்கு கழுத்துக் குழாய் வழியாக நிதானமாக மூச்சு விட்டது. கதவை மூடி, தம்பி பொத்தானை அழுத்தினான். மெஷினிலிருந்து ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது: "மூச்சை நன்றாக இழுத்துப் பிடியுங்கள்."

அந்தக் குரலை நிறுத்தி வைக்கத் தம்பி மறந்துவிட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அதே நேரம், கதவு மூடியதில் ஜோடியைக் காணாத நிழல் வரவேற்பறையில் நின்று கட்டிடமே அதிரும்படி கத்தியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து, "பாவம், யாருக்கோ ரொம்ப வலி போலிருக்கு" என்று ஒரு குரல் கேட்டது.

படங்கள் வர ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியதுபோல் சங்கின் தலை திரையில் விரிந்தது. எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு. நெற்றிக்குள் இருக்கும் காற்று அறைகள், பற்களின் நீண்ட வேர்கள், இவற்றைக் கடந்து குரல்வளை. அதன் மூடிக்குக் கீழே, நாக்கின் அடியை ஒட்டி, எலுமிச்சம்பழ அளவில் சாம்பல் நிற உருண்டை.

"நீர்க்கட்டி" என்றாள் டாக்டரம்மா. "பார்த்தியா, சுவரு தெளிவா இருக்கு. எதுக்குள்ளயும் வேர் விடலை. நான் சொன்னேன்ல, மேலதான்னு."

"இரு, கீழ போ" என்றார் குதிரை டாக்டர். தம்பி படங்களைக் கழுத்துப் பக்கம் நகர்த்தினான். வட்டமாக இருக்க வேண்டிய மூச்சுக்குழாய், கழுத்தின் அடியில் மிதிபட்ட தண்ணீர்க் குழாய் மாதிரி சப்பையாகியிருந்தது. "நானும் சொன்னேன்ல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் சொன்னதும் பாதி சரி.

டாக்டரம்மா எதையும் மூடி மறைக்கவில்லை. வரவேற்பறைக்கு வந்து வண்டிக்காரம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ரெண்டு விஷயம். தொண்டைல ஒரு கட்டி இருக்கு, அதை நான் எடுத்துடுவேன். மூச்சுக்குழாயும் கீழ சப்பையாயிருக்கு, அதை என்னால சரிபண்ண முடியாது. ஆபரேஷனுக்கு அப்புறம் நல்லா மூச்சு விடுவான், நல்லா சாப்பிடுவான். ஆனா பாரம் இழுக்கக் கூடாது."

வண்டிக்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. நிழலின் காதை நீவிவிட்டார்.

"இத்தனை வருஷம் இழுத்தான். போதும். முதல்ல அவனுக்கு மூச்சு வரட்டும், வண்டியை அப்புறம் பாத்துக்கலாம். நீங்க எடுங்க."

ஆபரேஷன் அன்று சங்கு மல்லாக்கக் கிடந்தது. தாடைக்குக் கீழே, நட்ட நடுவில் அவள் கீறினாள். குரல்வளையின் இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே மிருதுவாக ஒரு முக்கோண இடம் உண்டு. குதிரைக்கு அங்கே தாராளமாக இரண்டு விரல் போகும். கழுதைக்கு இறுக்கம். அந்த இடத்தை அவள் கண்ணால் தேடவில்லை. விரல் தானாகப் போய் நின்றது. அந்த வழியாக உள்ளே நுழைந்து, குரல்வளை மூடியை மெல்லத் தன் பக்கம் மடக்கினாள். கூர்மையான, சிறிய இலை போன்ற மூடி. அதன் அடியில் கட்டி வழுக்கிக்கொண்டே இருந்தது. பிடிக்கப் போனால் நழுவும், விட்டால் எட்டிப் பார்க்கும்.

மயக்க மருந்தைப் பார்த்துக்கொண்டிருந்த குதிரை டாக்டர் பொறுமை இழந்தார். "ஊசியால குத்தித் தண்ணியை எடுத்துடு. சுருங்கிடும், சுலபமா வரும்."

"சுருங்கினா சுவரு எது, சதை எதுன்னு தெரியாது. துண்டு மிச்சமாச்சுன்னா மறுபடி வளரும். முழுசா எடுக்கறேன்."

"கழுதைக்கு மயக்கம் சீக்கிரம் தெளியும். மருந்து ஏத்திக்கிட்டே இருக்கேன்."

"ஏத்து. நான் எடுத்துடுவேன்."

அதில் வீராப்பு இல்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்பதுபோல் சொன்னாள். மழுங்கின கத்தரிக்கோலின் முனையால் தோலுக்கும் கட்டிக்கும் நடுவே இம்மி இம்மியாக வழி பண்ணினாள். "வந்துடு கண்ணு, வந்துடு, உன்னை யாரும் ஒண்ணும் பண்ணமாட்டோம்" என்று கட்டியோடு பேசிக்கொண்டே இருந்தாள். கடைசி நார் அறுந்ததும் அது உரித்த முட்டை மாதிரி வழுவழுவென்று அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

குதிரை டாக்டர் தட்டை நீட்டினார். "குதிரைக்கு நான் குத்தித்தான் எடுத்திருப்பேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "இனிமே யோசிக்கறேன்" என்றார்.

குரல்வளையில் போட்ட கீறலை அவள் தைக்கவில்லை. அந்த இடம் திறந்தே இருந்து, தினமும் சுத்தம் செய்யச் செய்ய உள்ளிருந்து தானாக மூடிக்கொள்ள வேண்டும். எல்லாம் நல்லபடியாகப் போனது. வந்த சோதனை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

மறுநாள் அவள் பக்கத்து ஊர் மிருக வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பியபோது சங்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அமைதியாக, காதைத் தொங்கப் போட்டு. புல் அப்படியே கிடந்தது. "சமத்தா நிக்குது டாக்டர்" என்றார் புதிதாக வேலைக்கு வந்த உதவியாளர். சமர்த்தான கழுதை என்று யாராவது சொன்னாலே அவளுக்குச் சந்தேகம். ரத்தம் எடுத்துக் குப்பியில் தெளிய வைத்தாள். மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர், பால் கலந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. பட்டினி கிடந்ததும் உடம்புக் கொழுப்பெல்லாம் ரத்தத்தில் இறங்கியிருக்கிறது. இப்படியே விட்டால் கட்டி எடுத்து என்ன பயன்?

"நிழல் எங்க?"

"அது தீவன மூட்டையெல்லாம் கடிச்சுக் கிழிச்சுது. பின்னாடிக் கொட்டகைல கட்டிட்டேன்."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்ட நேரம் இல்லை. ஓடிப் போய்த் தானே நிழலை அவிழ்த்துக் கூட்டி வந்து, புண் ஆறாததால் சங்கோடு சேர்த்து விடாமல் பக்கத்து அறையில் விட்டாள். சங்கின் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, கட்டர் எடுத்துட்டு உடனே வாங்க. நடுவுல இருக்கற தகரத்தை வெட்டணும்."

"நான் போன மாசம்தானே அதை வச்சேன்?"

"நல்லாத்தான் வச்சீங்க. இப்ப வெட்டுங்க."

வெல்டர் இரண்டு அறைகளுக்கும் நடுவே இருந்த தகரத்தை இடுப்பளவுக்கு வெட்டி, விளிம்பை உருட்டி, பழைய டயர் ரப்பரைச் செருகினார். நிழல் அதன் வழியாகக் கழுத்தை நீட்டி, சங்கின் பிடரியை நுனிப்பல்லால் கோதிவிட்டது. சங்கு முதலில் அசையவில்லை. பிறகு மூக்கைத் தூக்கியது. நிழல் தன் பக்கத்துப் புல்லை மெல்லத் தொடங்கியதும், அது எதைத் தின்கிறது என்று பார்க்க வந்ததுபோல் சங்கும் ஒரு வாய் இழுத்தது. வண்டிக்காரம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அடுத்தடுத்து எடுத்த ரத்தத்தில் வெளுப்பு குறைந்து குறைந்து, ஒரு வழியாகக் கண்ணாடி மாதிரி தெளிந்தது.

கழுத்துக் குழாயை எடுத்தார்கள். தாடைக்கடியில் இருந்த புண் சுருங்கிச் சுருங்கி விரல்நகம் அளவாயிற்று. ஒரு நாள் டாக்டரம்மா புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வெளியே, கழுதைகள் இல்லாமல் வண்டிக்காரம்மா தானே தள்ளி வந்த குப்பை வண்டியின் மணிச்சத்தம் கேட்டது. சங்கு கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி, உள்ளே இழுத்தது. "ஹீ" வந்தது. கோணலாக, துருப்பிடித்த கதவு மாதிரிதான் வந்தது. ஆனால் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த "ஹா"வில் அவளுக்கு ஒரு பக்கக் காது அடைத்துப்போனது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வண்டிக்காரம்மா கழன்ற செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, கேட்டீங்களா?"

"என்ன சொல்றீங்க? சத்தமாப் பேசுங்க, எனக்குக் காது கேக்கலை."

வண்டிக்காரம்மா சொன்ன சொல் தவறவில்லை. சங்கின் மேல் அதன் பிறகு நுகத்தடி ஏறவே இல்லை. நிழல் ஒன்றே இழுக்கிற மாதிரி சின்ன வண்டியாக மாற்றிக்கொண்டார். நடையை ஒன்றுக்கு இரண்டாக்கிக்கொண்டார். ஆனால் சங்கு கூட வராமல் நிழல் ஓரடி எடுத்து வைக்காது. ஆகவே சங்கும் தினமும் வேலைக்குப் போகிறது. வெறுங்கழுத்தோடு, வண்டிக்கு முன்னால், ஒவ்வொரு வாசலிலும் நின்று எட்டிப் பார்த்தபடி. தெருவில் அதற்கு இப்போது மேஸ்திரி என்று பேர். விற்றுவிடச் சொன்னவர்களே அதற்குக் காய்த் தோல் எடுத்து வைக்கிறார்கள். விடிந்ததும் தூக்கம் கலைகிறது என்று முணுமுணுப்பவர்களும் இல்லாமல் இல்லை.

இந்தச் செய்தி வண்டிக்காரர்கள் நடுவே பரவியதில் கொட்டகை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. போன வாரம் வண்டிக்காரம்மாவே ஓர் ஆளைக் கூட்டி வந்தார். செங்கல் சுமக்கிற கழுதை வைத்திருப்பவர், முதல் முறை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறவர், பேயறைந்ததுபோல் நின்றார்.

"இது ஒரு பக்கமா மட்டும் மெல்லுது டாக்டரம்மா. ஒரு மூக்குல மட்டும் சளி, கெட்ட நாத்தம்" என்று அவருக்காக வண்டிக்காரம்மாவே பேசினார்.

டாக்டரம்மா கழுதையின் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் வெற்றுப் பானை மாதிரி ஒலித்தது. மறுபக்கம் நிறைந்த பானை மாதிரி மந்தமாக ஒலித்தது. கடைவாய்ப் பல்லின் வேர் கெட்டு, கன்னத்துக் காற்று அறையில் சீழ் நிரம்பியிருக்கிறது. நின்றபடியே எலும்பில் ஒரு சின்னத் துளை போட்டுக் கழுவிவிட்டு, பல்லையும் பிடுங்கிவிடலாம். அவளுக்கு இது கைவந்த வேலை.

"சரி பண்ணிடலாம், பயப்படாதீங்க" என்று டார்ச்சை எடுத்தாள். "வாயைத் திறங்க, பார்க்கலாம்."

அந்த மனிதர் தன் வாயை அகலமாகத் திறந்தார்.